பாகத்தை மாற்றும் முன் பழுதைப் பிடியுங்கள்

வாஷிங் மெஷின் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கற்க ஆசைப்படுவது மெஷினைப் பிரிப்பதைத்தான். எந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது, டிரம்மை எப்படி இறக்குவது, போர்டை எப்படிக் கழற்றுவது என்று வீடியோ பார்த்துப் பழகுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் இந்தத் தொழிலில் பெயர் வாங்கித் தருவது வேறு ஒன்று. எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பதை, அதைக் கழற்றுவதற்கு முன்பே காரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும். சரியான பாகத்தை மாற்றினால் வேலை ஒரே நடையில் முடியும். தவறான பாகத்தை மாற்றினால் வாடிக்கையாளருக்குப் பணம் போகும், உங்களுக்கு அந்தத் தெருவே போகும்.

மெஷின் நின்றுபோன வீட்டின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தை இருக்கும், படுக்கையில் இருக்கும் பெரியவர் இருப்பார், காலையில் வேலைக்குக் கிளம்பும் பெண் இருப்பார். அத்தனை துணியும் ஒருவர் கைமேல் விழுகிறது. அந்தச் சுமையை இறக்கிவைக்கத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். ஆகவே கணிப்பு சரியாக இருப்பது வெறும் திறமை மட்டுமல்ல, அந்த வீட்டுக்கு நீங்கள் செய்ய வேண்டிய நியாயமும்கூட.

போனிலேயே பாதி தெரியும்

கம்ப்ளெயின்ட் வந்ததும் “வர்றேன்மா” என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. செமி ஆட்டோமேட்டிக்கா, டாப் லோடா, ஃப்ரண்ட் லோடா? மாடல் எண் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?
2. எந்தக் கட்டத்தில் நிற்கிறது? தண்ணீர் ஏறும்போதா, துவைக்கும்போதா, தண்ணீர் வெளியேறும்போதா, ஸ்பின்னிலா?
3. திரையில் எழுத்தோ எண்ணோ வருகிறதா? எத்தனை விளக்கு சிமிட்டுகிறது?
4. இது தொடங்குவதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது? வீடு மாற்றினீர்களா, டேங்க் கழுவினீர்களா, கரண்ட் ஏறி இறங்கியதா, எலித் தொல்லை உண்டா?

நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. டேங்க் கழுவிய மறுநாள் தண்ணீர் ஏறவில்லை என்றால் இன்லெட் வால்வின் வாயில் இருக்கும் சிறு வலையில் மண் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். வீடு மாற்றிய பிறகு மெஷின் குதிக்கிறது என்றால் கால்களின் மட்டத்தையும் டிரெயின் ஹோஸ் மாட்டிய விதத்தையும் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கிய ஃப்ரண்ட் லோட் முதல் நாளே அறை முழுக்க நகர்ந்தால், டிரம்மைப் பயணத்துக்காக இறுக்கி வைத்திருக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள்.

சில விஷயங்களை வாடிக்கையாளரே பார்த்துக்கொள்ளலாம். குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா, ஹோஸ் மடங்கியிருக்கிறதா, சைல்ட் லாக் போட்டிருக்கிறதா, மூடி சரியாக மூடியிருக்கிறதா? எல்ஜி மெஷினில் ‘சிஎல்’ என்று வந்தால் அது பழுதே அல்ல, குழந்தைப் பூட்டுதான். போனிலேயே சரியாகிவிட்டால் ஒரு விசிட் கட்டணம் போகிறதே என்று கவலைப்பட வேண்டாம். “அந்தத் தம்பி போன்லயே சரிபண்ணிக் கொடுத்துச்சு” என்று அந்த அம்மா அக்கம்பக்கத்தில் சொல்வது உங்களுக்குப் பல அழைப்புகளைக் கொண்டுவரும்.

பையில் இருக்க வேண்டியவை

நல்ல மல்டிமீட்டர் ஒன்று, கெபாசிட்டர் அளக்கும் வசதியோடு. கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. டெஸ்டர் கூடவே இருக்கட்டும், ஆனால் டெஸ்டர் விளக்கை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவர் செட், பாக்ஸ் ஸ்பேனர், நோஸ் பிளையர், டார்ச், மட்டம் பார்க்கும் கருவி, பழைய துண்டு, தட்டையான ஒரு டிரே, இன்சுலேஷன் டேப், ரப்பர் கையுறை. அடிக்கடி தேவைப்படும் சில பாகங்கள்: கெபாசிட்டர், பெல்ட், இன்லெட் வால்வ், ஹோஸ் கிளிப். டிரேயும் துண்டும் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஃபில்டரைத் திறந்து ஹாலில் தண்ணீர் ஓடவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அந்த வீட்டில் பேசப்படுவது ஓடிய தண்ணீர்தான்.

மெஷினைத் தொடும் முன்

முதல் வேலை பிளக் பாயிண்ட்டைப் பார்ப்பது. லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வோல்டேஜ் எவ்வளவு? லைனுக்கும் எர்த்துக்கும் எவ்வளவு? இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எர்த்தோடு அளக்கும்போது மிகக் குறைவாகவோ தாறுமாறாகவோ காட்டினால் அந்த பாயிண்ட்டில் எர்த் இல்லை அல்லது பலவீனமாக இருக்கிறது.

“தொட்டா லேசா ஷாக் அடிக்குது” என்ற புகாருக்கு இதுதான் அடிக்கடி காரணம். மெஷினுக்குள் நாய்ஸ் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள சிறு கெபாசிட்டர்கள் லைன், நியூட்ரல் இரண்டிலிருந்தும் உடலோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாதபோது மெஷின் உடலில் லைன் வோல்டேஜில் ஏறக்குறைய பாதி தெரியும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆனால் ஈரக் கையில் சுருக்கென்று தைக்கும். எர்த்தைச் சரிசெய்தால் அது போய்விடும். அதற்காக எல்லா ஷாக்கையும் இந்தக் கணக்கில் தள்ளிவிடக் கூடாது. ஹீட்டரோ மோட்டாரோ கசிகிறதா என்று, இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்த பிறகே மெஷினைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். எர்த் இல்லை என்று சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எங்கேனும் நியூட்ரல் கட் ஆனால் மெஷினின் உடல் முழுக்க லைன் வந்து நிற்கும். ஈரத் தரையில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் போடச் சொல்லுங்கள், கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைக்கவும் சொல்லுங்கள்.

ஹீட்டர் உள்ள மெஷினை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தால் அதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும்.

மெஷினைத் திறக்க வேண்டி வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். இன்வெர்ட்டர் போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டர்களில் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கையை உள்ளே விடுவது தொழில் அல்ல, விபத்துக்கு விடும் அழைப்பு.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

எந்த மெஷினாக இருந்தாலும் வேலை ஒரே வரிசைதான்: தண்ணீர் ஏறும், துவைக்கும், தண்ணீர் வெளியேறும், ஸ்பின் ஆகும். எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படிக்கு வேண்டிய பாகங்களை மட்டும் தேடினால் போதும்.

உயிரே இல்லை. பிளக், வயர், மெயின் ஸ்விட்ச், நாய்ஸ் ஃபில்டர், போர்டின் ஃபியூஸ் என்று கரண்ட் போகும் வழியிலேயே போங்கள். மூடிய கீழ்ப்பகுதி இல்லாத மெஷின்களில் எலி வயரைக் கடித்திருக்கும். போர்டில் ஃபியூஸ் அருகே வட்டமாக இருக்கும் வேரிஸ்டர் வெடித்துக் கருகியிருந்தால் அதிக வோல்டேஜ் வந்து போயிருக்கிறது என்று பொருள். தெருவில் நியூட்ரல் கட் ஆனதா என்று விசாரியுங்கள். காரணம் தெரியாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அது மறுபடியும் போகும்.

தண்ணீர் ஏறவில்லை. முதலில் ஹோஸைக் கழற்றி பக்கெட்டில் பிடியுங்கள். நம் ஊர் மாடி வீடுகளில் இந்தப் பழுதுக்குப் பெரிய காரணம் அழுத்தக் குறைவு. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மொட்டை மாடியில் டேங்க், அதற்கு நேர் கீழ்த் தளத்தில் மெஷின் என்றால் உயர வித்தியாசம் மூன்று மீட்டர்கூட வராது. 0.3 பார்தான் கிடைக்கும். பல மெஷின்களுக்கு 0.3 முதல் 0.5 பார் வரையாவது வேண்டும், சிலவற்றுக்கு 1 பார். நிமிடத்துக்கு 8 லிட்டராவது குழாயில் வர வேண்டும் என்று சில கையேடுகள் கேட்கின்றன. இந்த வீட்டில் எத்தனை வால்வ் மாற்றினாலும் பயன் இல்லை. பிரஷர் பூஸ்டர் பம்ப்தான் தீர்வு. தரைத்தளத்து வீட்டில் அதே மெஷின் ஒழுங்காக ஓடும்.

தண்ணீர் வரத்து நன்றாக இருந்தால் வலையைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு வால்வ் காயிலை அளந்து பாருங்கள். பெரும்பாலான 230 வோல்ட் வால்வுகள் 3 முதல் 5 கிலோ ஓம் காட்டும். காயில் நன்றாக இருந்து, அதற்கு வோல்டேஜே வரவில்லை என்றால் அடுத்தது வயரும் போர்டும்.

தண்ணீர் நிற்காமல் ஏறுகிறது. பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் ஏறினால் வால்வ் மூடவில்லை, அதை மாற்ற வேண்டும். நின்றுவிட்டால், தண்ணீர் அளவைச் சொல்லும் பிரஷர் சென்சார் பக்கம் போங்கள். டப்பின் அடியிலிருந்து சென்சாருக்குப் போகும் மெல்லிய ட்யூப் கழன்றிருக்கலாம், ஓட்டை விழுந்திருக்கலாம், அதன் அடிவாய் சோப்பும் நூலும் சேர்ந்து அடைத்திருக்கலாம். சென்சாரை வாங்குவதற்கு முன் ட்யூப்பைப் பாருங்கள்.

ஏறும் தண்ணீர் அப்படியே வெளியேறிக்கொண்டும் இருந்தால் இரண்டு காரணம். பம்ப் உள்ள மெஷினில் டிரெயின் ஹோஸைத் தரையில் போட்டிருப்பார்கள். அதைக் கையேடு சொல்லும் உயரத்தில், பெரும்பாலும் 60 முதல் 100 சென்டிமீட்டரில், மாட்ட வேண்டும். பம்ப் இல்லாத டாப் லோடில் டிரெயின் வால்வுக்குள் ஹேர்பின்னோ காசோ மாட்டி, அது முழுதாக மூடாமல் இருக்கும். அந்த வகை மெஷினின் ஹோஸைத் தரையோடுதான் விட வேண்டும், உயர்த்தினால் தண்ணீர் போகாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

துவைக்கச் சுற்றவில்லை. செமி ஆட்டோமேட்டிக்கில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பல்சேட்டரைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் அடியில் ஊக்கோ காசோ சிக்கியிருக்கும். லேசாகச் சுற்றியும் மோட்டார் ‘ம்ம்’ என்று முனகி நின்றால் கெபாசிட்டரை அளந்து பாருங்கள். மேலே எழுதியுள்ள மைக்ரோ ஃபாரட் அளவிலிருந்து நன்றாக இறங்கியிருந்தால் அதுதான் குற்றவாளி. அளக்கும் முன் டிஸ்சார்ஜ் செய்ய மறக்காதீர்கள். மோட்டார் ஓடியும் பல்சேட்டர் நின்றால் பெல்ட். ஒரு பக்கம் மட்டும் சுற்றி மறுபக்கம் சுற்றவில்லை என்றால் டைமரின் கான்டாக்ட்டையோ அதற்குப் போகும் வயரையோ பாருங்கள். திசை மாற்றுவது டைமரின் வேலை, ஆகவே மோட்டாரைக் கழற்றத் தேவையே இல்லை.

ஃப்ரண்ட் லோடில் பழைய வகை மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் உண்டு. தேய்ந்து குட்டையாகியிருந்தால் மாற்றினால் போதும். இன்வெர்ட்டர் மோட்டாருக்கு பிரஷ் கிடையாது. அதன் மூன்று முனைகளில் எந்த இரண்டை எடுத்து அளந்தாலும் ஒரே ரெசிஸ்டன்ஸ் வர வேண்டும். மோட்டாரைக் குறை சொல்லும் முன் டோர் லாக்கையும் கவனியுங்கள். கதவு பூட்டிய சிக்னல் வராமல் எந்த ஃப்ரண்ட் லோடும் சுற்றாது. வேலை முடிந்தபின் கதவு திறக்க ஓரிரு நிமிடம் எடுப்பது பல லாக்குகளின் இயல்பு. உள்ளே இருக்கும் வெப்ப உறுப்பு ஆறினால்தான் விடும். அவசரத்தில் இழுத்துக் கைப்பிடியை உடைத்துவிடாமல் இருக்க, வீட்டாரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

தண்ணீர் வெளியேறவில்லை. ஃப்ரண்ட் லோடின் கீழ் மூலையில் சிறு கதவுக்குள் ஃபில்டர் இருக்கும். சூடான வாஷ் ஓடியிருந்தால் ஆறவிடுங்கள், கொதிநீர் மேலே கொட்டும். டிரே வைத்து, பக்கத்தில் சிறு ட்யூப் இருந்தால் அதன் வழியே தண்ணீரை வடித்துவிட்டுத் திருகுங்கள். நாணயம், பட்டன், குழந்தையின் சாக்ஸ் எல்லாம் வரும். உள்ளே தெரியும் பம்ப்பின் இறக்கையைக் கையால் சுற்றினால் விட்டுவிட்டுத் தடுக்கித் தடுக்கித்தான் சுற்றும். காந்தம் இருப்பதால் அப்படி, அது பழுதல்ல. சாதாரண ஏசி பம்ப்பின் காயில் பெரும்பாலும் 100 முதல் 200 ஓம் காட்டும். பம்ப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் போகவில்லை என்றால் ஹோஸைக் கழற்றி பக்கெட்டில் விட்டுப் பாருங்கள். பக்கெட்டில் வேகமாக வந்தால் அடைப்பு வீட்டுக் குழாயில். அதற்கு பிளம்பர்தான் வர வேண்டும்.

பல டாப் லோடுகளில் டிரெயின் மோட்டார் என்ற சிறு மோட்டார் ஒரு கம்பியை இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் டிரெயின் வால்வும் திறக்கும், கியர் பாக்ஸின் கிளட்ச்சும் துவைப்பிலிருந்து ஸ்பின்னுக்கு மாறும். தண்ணீரும் போகவில்லை, ஸ்பின்னும் ஆகவில்லை என்று இரண்டு புகார் ஒன்றாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஸ்பின் ஆகவில்லை, ஆடுகிறது. முதலில் உள்ளே என்ன துணி இருக்கிறது என்று பாருங்கள். ஒற்றைப் போர்வையோ ஒற்றை ஜீன்ஸோ போட்டால் எடை ஒரு பக்கம் சேர்ந்துவிடும். மெஷின் பலமுறை சரிசெய்ய முயன்று ஸ்பின்னைக் கைவிடும். அது மெஷினின் பாதுகாப்பு. துணியைப் பிரித்துப் போட்டு, கூடச் சில துணிகளைச் சேர்த்து ஓட்டிக் காட்டுங்கள். பிறகு மெஷினின் நான்கு கால்களும் தரையில் பதிகிறதா, லாக் நட் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். காலி டிரம்மிலும் ஆடினால் டாப் லோடில் சஸ்பென்ஷன் ராடுகள், ஃப்ரண்ட் லோடில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும். செமியின் ஸ்பின்னர் நின்றால் மூடி ஸ்விட்ச், பிரேக் வயர், கெபாசிட்டர் என்ற வரிசையில் போங்கள்.

இரைச்சல். வேகம் ஏற ஏற விமானம்போல் இரைந்தால் பேரிங். கதவைத் திறந்து டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் கையில் தெரியும். டிரம்மைத் தாங்கும் அலுமினிய ஸ்பைடர் அரித்து உடைந்தாலும் டிரம் கோணலாகச் சுற்றும். இது பெரிய செலவு. சில மாடல்களில் டப் பிரிக்க முடியாதபடி ஒட்டியே வரும், முழு டப்பையும் மாற்ற வேண்டும். அப்போது மெஷினின் வயதையும் புதியதன் விலையையும் சேர்த்துச் சொல்லி, முடிவை அவர்களிடம் விடுங்கள்.

கசிவு. எந்த நேரத்தில் கசிகிறது என்பதே விடை. தண்ணீர் ஏறும்போது என்றால் இன்லெட் ஹோஸ் அல்லது சோப்புப் பெட்டி. துவைக்கும்போது என்றால் கதவின் கேஸ்கெட், டப். வெளியேறும்போது மட்டும் என்றால் பம்ப்பும் டிரெயின் ஹோஸும். சோப்புப் பெட்டியில் நுரை வழிந்தால் பவுடர் அதிகம் அல்லது தவறான பவுடர். கையால் துவைக்கும் பவுடரை ஃப்ரண்ட் லோடில் போட்டால் நுரை நிறைந்து, பம்ப்பும் தண்ணீரைத் தள்ள முடியாமல் திணறும்.

ஓடும்போது டிரிப் ஆகிறது. ஸ்விட்ச் போட்டவுடன் டிரிப் ஆனால் வயரும் நாய்ஸ் ஃபில்டரும். குளிர்ந்த நீரில் ஒழுங்காக ஓடி, ஹாட் வாஷில் மட்டும் சில நிமிடம் கழித்து டிரிப் ஆனால் ஹீட்டர். 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 26 ஓம் காட்டும், அதன் முனைக்கும் உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. போர் தண்ணீர் வீடுகளில், தண்ணீரின் கடினத்தன்மையால் ஹீட்டரில் உப்புப் படிவது சகஜம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை என்றும் வைத்திருக்கிறது. டிடிஎஸ் மீட்டர் காட்டுவது கடினத்தன்மையை அல்ல, கரைந்துள்ள எல்லாவற்றையும். கடினத்தன்மைக்குத் தனி டெஸ்ட் கிட் இருக்கிறது. படிவு தெரிந்தால் டிஸ்கேலிங் பவுடர் போட்டு ஓட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

எரர் கோடு சொல்வது அறிகுறியை

எல்ஜியில் ‘ஐஇ’ என்றால் தண்ணீர் ஏறவில்லை, ‘ஓஇ’ என்றால் வெளியேறவில்லை, ‘யூஇ’ என்றால் எடை ஒரு பக்கம் சேர்ந்துவிட்டது, ‘டிஇ’ என்றால் கதவு. சாம்சங்கில் ‘4சி’ தண்ணீர் வரத்து, ‘5சி’ வெளியேற்றம். போஷ் மெஷின்களில் ‘இ18’ வெளியேற்றக் கோளாறு. இவை எதுவும் ‘இந்தப் பாகத்தை மாற்று’ என்று சொல்லவில்லை. ‘ஓஇ’ வந்தால், குறித்த நேரத்துக்குள் தண்ணீர் மட்டம் இறங்கவில்லை என்பதுதான் மெஷினுக்குத் தெரிந்தது. பம்ப், ஃபில்டர், ஹோஸ், வீட்டுக் குழாய், மட்டத்தைச் சொல்லும் சென்சார் என ஐந்து சந்தேகம் அதற்குள் இருக்கிறது. கோடைப் பார்த்ததும் பம்ப் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள்.

போர்டைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். ஒரு பாகத்துக்குப் போக வேண்டிய வோல்டேஜ் போகவில்லை, வழியில் வயரும் கனெக்டரும் நன்றாக இருக்கின்றன, வர வேண்டிய சென்சார் தகவல்களும் வருகின்றன என்று மூன்றையும் உறுதிசெய்த பிறகே போர்டைச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த பாகம் அது. “போர்டு போயிடுச்சு” என்று எடுத்தவுடன் சொல்லிப் பழகியவர் கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டார் என்று பொருள்.

பேச்சும் பில்லும்

பழுதைக் கண்டுபிடித்ததும் மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே விளக்குங்கள். “அக்கா, இந்தக் கெபாசிட்டர்ல 10 எழுதியிருக்கு, மீட்டர்ல 4 காட்டுது பாருங்க. அதான் மோட்டார் இழுக்கல. மாத்த இவ்வளவு ஆகும். மாத்தட்டுமா?” இப்படிச் சொன்னால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. விலையை முதலில் சொல்லுங்கள், ஒப்புதல் வாங்கியபின் கை வையுங்கள், பழைய பாகத்தை அவர்களிடமே கொடுங்கள், பில்லில் பாகத்தின் பெயரையும் எத்தனை நாள் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

வாரண்டி இருக்கிறதா என்று கேட்காமல் மெஷினைத் திறக்காதீர்கள். பல நிறுவனங்கள் இன்வெர்ட்டர் மோட்டாருக்கு 10 ஆண்டு வரை வாரண்டி தருகின்றன. வாங்கிய பில்லை எடுத்துப் பார்த்தால் மோட்டார் இலவசமாகவே கிடைக்கலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. அதைச் சொல்லி கம்பெனி சர்வீஸுக்கு அனுப்புங்கள். அன்று வருமானம் குறையும், அடுத்த பழுதுக்கு உங்களைத்தான் தேடுவார்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்களின் கையேடுகள், வாரண்டி விவரங்கள், சர்வீஸ் மைய விவரங்களை ஒரே இடத்தில் தருவது அதன் நோக்கம். வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள், நீங்களும் படியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915 என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

பழுதே இல்லை, துணி போட்ட விதம்தான் காரணம் என்றால் அப்படியே சொல்லி, பார்வைக் கட்டணம் மட்டும் வாங்குங்கள். இல்லாத பழுதை உருவாக்கி வாங்கும் காசு நிற்காது. வந்து, பார்த்து, உண்மையைச் சொன்னதற்குக் கட்டணம் கேட்பதில் வெட்கப்படவும் வேண்டாம். கண்டுபிடிப்பதும் உழைப்புதான்.

எங்கே கற்பது, எங்கே வேலை

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், கன்ஸ்யூமர் எலக்ட்ரானிக் அப்ளையன்ஸ் மெக்கானிக் ஆகிய இரண்டாண்டுப் பிரிவுகள் நல்ல அடித்தளம். படித்ததும் அப்ரண்டிஸ் ஆகுங்கள். 1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர்கள் சட்டத்தின்படி உதவித்தொகையோடு வேலை பழகலாம், 2016-இல் வந்த தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் அதற்குத் துணை நிற்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் தளத்தில் உள்ள பயிற்சிகளையும் பாருங்கள்.

வேலைக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று உற்பத்தி ஆலை: சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலும், புதுச்சேரி திருபுவனையில் உள்ள வேர்ல்பூல் ஆலையிலும் வாஷிங் மெஷின்கள் தயாராகின்றன. இரண்டு, கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம். முதல் சில ஆண்டுகளுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். புது மாடல்களின் பயிற்சி, சர்வீஸ் கையேடு, அசல் பாகம், அதே பழுதுக்கு மறுபடி அழைப்பு (ரிப்பீட் கால்) வந்தால் கேள்வி கேட்கும் மேலாளர் எல்லாம் அங்கே இருக்கும். மூன்று, சொந்தக் கடை. கை பழகி, ஏரியாவில் பெயர் வந்தபின் அதற்கு இறங்குங்கள். போர்டு சர்வீஸ் கற்றவருக்கு வாய்ப்பு கூடுதல், மீட்டரும் எலக்ட்ரானிக் உதிரிகளும் வாங்கச் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகள் இருக்கின்றன. பெண்களும் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும். பகலில் தனியாக இருக்கும் பெண்களும் முதியவர்களும் பெண் டெக்னீஷியன் கிடைத்தால் நிம்மதியாகக் கதவைத் திறப்பார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் ஐந்து வரி: மாடல், வாடிக்கையாளர் சொன்ன புகார், நீங்கள் முதலில் நினைத்த காரணம், மீட்டரில் வந்த அளவு, கடைசியில் தெரிந்த உண்மையான காரணம். மூன்றாவது வரியும் ஐந்தாவது வரியும் எங்கெல்லாம் பொருந்தவில்லையோ, அங்கெல்லாம் உங்களுக்குப் பாடம் இருக்கிறது. வார இறுதியில் அந்த இடங்களை மட்டும் திரும்பப் படித்து, சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிடுங்கள், சீனியரிடம் கேளுங்கள். இரண்டு வரிகளும் பொருந்தும் பக்கங்கள் கூடக் கூட ரிப்பீட் கால் குறையும், சம்பளம் கூடும், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வீடுகள் பெருகும்.